அந்தப் பொடி நான் அரைத்ததில்லை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று பார்க்கிறாயா, சொல்வதற்கு மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் துணி காய்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்தாயிற்று, அதைத் தலையில் ஏற்றிக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறார். மாடிவீட்டு அக்காவின் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். சரி, சுற்றி வளைத்தது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்களைக் காகிதத்தில் பூசி, அதன்மேல் மிளகாய்ப் பொடியைக் கரைத்துவிட்டு ஒளியைப் பாய்ச்சினால், கலந்திருக்கிற சாயம் தன் கைரேகை மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டிவிடும் என்று எனக்கு எத்தனை பொறுமையாகச் சொல்லித் தந்தாய். சுத்தமான பொடிக்கு வரக்கூடாத அந்தக் கோடு ஐந்து மாதமாக வருகிறது, "கருவியே சரியில்லைங்கறார்மா சார், இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆராய்ச்சி பாருன்னுட்டார்" என்றாய். பொடி சுத்தமானதுதானா என்று அவர் கேட்டதற்கு, எங்கம்மா கையால அரைச்சது சார், அதுல சந்தேகமே வேண்டாம் என்று சொன்னாயாமே, அதைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

கண்ணே, அதை நான் அரைக்கவில்லை. நீ பொடி கேட்ட மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. உனக்குப் பரீட்சை நேரம், சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அப்பாவின் வாயையும் அடைத்துவிட்டேன். கடைத்தெருவில் உதிரியாக வாங்கி, நம் டப்பாவில் கொட்டி, மேலே 'வீட்டுப் பொடி' என்று அவரை விட்டு எழுதவைத்தேன்.

அதில் ஒரு பிடி இங்கே மிச்சம் இருந்தது. திங்கட்கிழமையே உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன், நேற்று அறிக்கை வந்தது. துணிக்குப் போடுகிற சிவப்புச் சாயம், அந்தக் கோட்டுக்கு நீ சொன்ன அதே பெயர். கடைக்காரரிடம் போய் நீட்டினேன், முதலில் மழுப்பினார், அப்புறம் "நிறம் மங்கலா இருந்தா யாரும் தொட்டுக்கூடப் பாக்கறதில்லைம்மா, எனக்கு வர்றதே இப்படித்தான் வருது" என்றார். எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

உன் கருவி பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன், சாரிடம் காட்டி அம்மா பொய் சொன்னாள் என்று தாராளமாகச் சொல். நேற்று போனில், அந்தப் பொடியில் வண்டு விழுந்திருக்கும், சமையலுக்கு எடுக்காதே என்றேனே, காரணம் இதுதான். இத்தனை நாள் நீ அதைச் சாப்பிட்டிருக்கிறாய். ஒரு நடை டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று ஒளிக்காமல் சொல், என்னை மாதிரி இருக்காதே.

கை இப்போது நன்றாக இருக்கிறது, சத்தியமாக. புதுப் பொடி அனுப்பியிருக்கிறேன், நானே காயவைத்து நானே அரைத்தது, அப்பா பக்கத்தில் நின்று தும்மித் தள்ளினார், அவரே சாட்சி. ஆனாலும் நீ நம்பாதே. முதலில் உன் காகிதத்தில் வைத்துப் பார், கோடு வரவில்லை என்றால் மட்டும் சாப்பிடு.

எடுத்த காரியம் ஜெயித்து, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி கதவைத் தாழ் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன்னிடம் மாட்டிக்கொண்ட
அம்மா