பேரையூர்க் கத்தரிக்காய் மதுரை போய் வந்த கதை

பேரையூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள மகள் ரூத்துக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் குளிருக்கு வந்து வெயிலுக்குப் போகிறது. நீயும் மாப்பிள்ளை ஸ்டீவும் அந்த டப்ளின் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று பூசையில் வேண்டிக்கொண்டேன். போனில் பேசினால் நீ டியூட்டிக்கு நேரமாச்சு என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பஜார் கட்டடத்தைப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்காமல் பாண்டியம்மாளுக்கு ஏன் கொடுத்தேன் என்று கேட்டாய் அல்லவா, ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நூல் மில் மூடினதும் நம் ஊர் எப்படி ஆனதென்று உனக்குத் தெரியும். சம்பளம் வாங்கும் கை குறைந்ததும் நம் கட்டடத்தில் இருந்த சூப்பர் மார்க்கெட்காரர்களும் வியாபாரம் இல்லையென்று ஷட்டரை இழுத்துவிட்டுப் போனார்கள். அந்த வாடகைதான் எங்களுக்குச் சோறும் மருந்தும் என்பதால் அப்பா முகம் சுருங்கிப் போனது. ஒரு வழியாகச் சென்னையிலிருந்து இன்னொரு கம்பெனி கேட்டு வந்தது. அதே வாரம் பாண்டியம்மாளும் வந்தாள், பழைய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாளே, நெற்றியில் தழும்பு இருக்கும், அவள்தான். மில்லில் வேலை போன நாகஜோதியையும் கூட்டி வந்திருந்தாள். ஊர்க்காரர்களே ஆளுக்கு ஒரு பங்கு போட்டுக் கடை வைக்கப்போகிறோம், பங்கு போட்ட எல்லாரும் முதலாளி என்றாள். யார் வைத்தால் என்ன, அரிசி அரிசிதானே என்று கேட்டேன். அதற்கு அவள், "அக்கா, அம்புட்டு வருசம் அந்தக் கடையில நின்னேன், நம்ம ஊருக்கு எல்லாத்தையும் வித்தாங்க, நம்ம ஊருல ஒரு கருவேப்பிலை வாங்கினாங்களான்னு யோசிச்சுப் பாருங்க" என்றாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்குத்தான் மண்டைக்குள் ஏதோ பூச்சி புகுந்த மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் நாம் தின்பதெல்லாம் எங்கிருந்துதான் வருகிறது, நம் தோட்டத்தில் விளைவதெல்லாம் எங்கேதான் போகிறது?

உன் அம்மாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஒன்று மனசில் பட்டால் அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. கீழத்தோட்டத்து உக்கிரபாண்டி அண்ணன் மதுரைக்குக் கத்தரிக்காய் ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டு, நானும் வாரேன் என்று போய் நின்றேன். "மாட்டுத்தாவணியில உனக்கு என்ன தங்கச்சி சோலி" என்று சிரித்தார். காய் போகிற இடத்தைப் பார்க்கணும் என்றேன். வண்டியில் முன்னால் இடம் கொடுத்தார். கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் போய் இறங்கினோம். அவருடைய மூட்டைகளை எல்லாம் மதினியின் பழைய ஊதாச் சேலையைக் கிழித்து வாய் கட்டியிருந்தார். மண்டியில் ஏலம் முடிந்து மூட்டை கைமாறியது. நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதே ஊதா முடிச்சோடு இரண்டு மூட்டை ஒரு வேனில் ஏறுவதைப் பார்த்தேன். ஏற்றுகிறவன் யார் என்று பார்த்தால், நம் பஜாரில் காய்கறிக் கடை போட்டிருக்கும் பேயாண்டி! இந்தக் காய் எந்த ஊருக்கு என்று கேட்டேன், "நம்ம ஊருக்குத்தேன் அக்கா" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உக்கிரபாண்டி தோட்டம் உன் கடைக்குக் கூப்பிடு தூரம்தானே, அங்கேயே வாங்கினால் என்ன என்று கேட்டேன். "அவருகிட்டக் கத்தரி மட்டுந்தான இருக்கு, தக்காளிக்கு ஒருத்தரு, கீரைக்கு ஒருத்தருன்னு தோட்டம் தோட்டமா நான் அலைய முடியுமா? இங்க எல்லாம் ஒரே இடத்துல கெடைக்கும்" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். திரும்பி வரும்போது அவன் வேனிலேயே வந்தேன். போகும்போது என்னோடு வந்த அதே கத்தரிக்காய் வரும்போதும் பின்னால் குலுங்கிக்கொண்டே வந்தது. திருமங்கலம் வரும் முன்பே சிரிப்பு அடங்கிவிட்டது. போக வர இரண்டு வண்டிக்கும் டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், இத்தனையையும் தின்றுவிட்டு வாடிப்போய் வருகிறது அந்தக் காய். நம் ஊரில் காய் இல்லாமல் இல்லை, காயெல்லாம் கூடுவதற்கு ஓர் இடம்தான் இல்லை. அந்த இடம் என்னிடம் பூட்டிக் கிடந்தது.

சாவியைப் பாண்டியம்மாளிடம் கொடுத்தேன். கட்டடத்தில் பாதி என் பெயரில் இருப்பதால் அப்பாவால் தடுக்க முடியவில்லை. ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், குழம்புக்கு உப்பு கேட்பதாக இருந்தாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். கடை திறந்த புதிதில் நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். எல்லாரும் கத்தரிக்காயையே கொண்டுவந்து கொட்டினார்கள். கூடை கூடையாகக் கத்தரி இருக்கிறது, ஒரு தக்காளி இல்லை. மிஞ்சியது அழுகாமல் இருக்க நானும் வாங்கி வந்து குழம்பு, கூட்டு, துவையல் என்று வைத்தேன். அப்பா தட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தின்றார். பிறகு பாண்டியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய் யார் வெண்டை, யார் கீரை, யார் தக்காளி என்று பேசிப் பிரித்துவிட்டாள். நாகஜோதி கடையின் பின்பக்கம் ஒரு செக்கு மெஷின் போட்டு நம் மானாவாரிக் கடலையை ஆட்ட ஆரம்பித்தாள். அந்த வாசம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறது.

இதற்குள் ஒருநாள் பேயாண்டி வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "ஊருக்கு நல்லது பண்றேன்னு என் பொழப்பைக் கெடுத்துட்டீங்களே அக்கா, நானும் இந்த ஊருக்காரன்தான" என்றான். கத்தரிக்காய் போகிற பாதையைத் தேடிப் போனவளுக்கு, பாதையில் நிற்கிற மனுசன் கண்ணில் படவில்லை. மறுநாள் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பாண்டியம்மாள் முன்னால் உட்கார வைத்தேன். காரசாரமாகத்தான் பேசினார்கள். "கூலிக்கு வரமாட்டேன், பங்கு குடுத்தா வாரேன்" என்று அவன் பிடிவாதமாக நின்றான். கடைசியில் பங்குக்காரனாகச் சேர்ந்துகொண்டான். இப்போது ஊருக்குப் போக மிஞ்சுகிற காயை அவன் வேன்தான் மாட்டுத்தாவணிக்கு ஏற்றிப் போகிறது, நம் மண்ணில் விளையாத உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. மண்டி விலை அவனுக்கு அத்துப்படி என்பதால் பாண்டியம்மாளே அவனைக் கேட்டுத்தான் விலை வைக்கிறாள். பங்குக்காரர்கள் கூட்டத்தில் அதிகச் சத்தம் அவனுடையதுதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், மழை பிந்தினால் கடையும் திண்டாடத்தான் செய்யும். சென்னைக் கம்பெனியும் எதிர்வரிசையில் இடம் பார்ப்பதாகப் பேச்சு இருக்கிறது. பார்ப்போம்.

ஒன்று சொல்ல வேண்டும். மில் மூடினதிலிருந்து நாகஜோதியின் வீட்டுக்காரர் திருப்பூரில்தான் இருந்தார். திருவிழாவுக்கு வந்தவர் செக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு பெல்ட்டை மாற்றினார், லீவு முடிந்தும் போகவில்லை. அங்கே ரூமில் கிடக்கும் தன் பெட்டியைப் பஸ்ஸில் போட்டுவிடும்படி கூட்டாளிக்கு மட்டும் போன் பண்ணியிருக்கிறார். நேற்று பஸ் வந்தபோது அவரால் செக்கை விட்டு வர முடியவில்லை. எங்கே போகிறேன் என்று சொல்லாமல் உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த முழங்காலோடு தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஜார் வழியாக நடந்து வந்து, முதல் தடவையாக அந்தக் கடைக்குள் நுழைந்து இறக்கி வைத்தார். "எங்க வைக்கட்டும்மா" என்று நாகஜோதியிடம் கேட்டாராம். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கேட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. அங்கே நீ வாங்கும் உருளைக்கிழங்கு யார் தோட்டத்தில் விளைகிறது, எந்த வழியாக வருகிறது என்று கடைக்காரரிடம் மறக்காமல் கேட்டு எழுது, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்வாள்.

உன் அம்மா,
பிலோமினாள் லாசர்.