எட்டுக் கவட்டையும் ஒரே அளவு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. இரவு.

டிவிக்கு வீட்டிலேயே ஆன்டெனா செய்கிறேன் என்று இவர் இரண்டு நாளாகச் செம்புக் கம்பியைக் கையால் வளைத்துக்கொண்டிருந்தார். V எழுத்துப்போல் எட்டுக் கவட்டை வேண்டுமாம். ஒன்றுபோல் ஒன்று வரவில்லை. தூக்கி எறியப் போனவரை நான்தான் விடவில்லை. வேப்பம்பலகையில் கவட்டை வரைந்து, மூன்று முனையிலும் ஆணி அடித்து, கம்பியை அதற்குள் கொடுத்து வளைத்தேன். எட்டும் அச்சில் வார்த்ததுபோல் வந்தன. அவர் அவற்றை நீளப் பலகை ஒன்றில் வரிசையாக முடுக்கினார்.

"அஞ்சாங்கிளாஸ்ல இம்புட்டுமா சொல்லிக்குடுத்தாக?" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயந்திரம் மொட்டைமாடிக்குப் போனோம். கொடைக்கானல் டிவி கோபுரத்தைப் பார்க்க வைத்தால்தான் படம் வருமாம். அது மேற்குச் சுவர்ப் பக்கம். சுவரை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்தில் கரண்டுக் கம்பி போகிறது. ஆன்டெனாவை மாட்ட அங்கே கிடப்பதோ இருபதடி இரும்புக் குழாய்.

"ஏங்க, தூக்கையில சாஞ்சா அதுல படுமே?"

"போடி, எல்லாத்தையும் பலகையிலதான முடுக்கியிருக்கு. மரத்துல கரண்டு பாயுமா?"

"குழாயும் மரமா?"

"காலையில ஆறு மணிக்கு நீ அடியப் பிடிச்சாப் போதும்" என்றார்.

அளவு கோணியிருந்தால் இந்நேரம் எல்லாவற்றையும் பழங்காநத்தம் பழைய இரும்புக்கடையில் போட்டிருப்பார். நேர்த்தியாகச் செய்து கொடுத்தவள் நான்.

மாடிக் கதவுச் சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். அவர் நன்றாகத் தூங்குகிறார். இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது, பின்சுவரில் மாடிவரை எட்டும் ஏணி சாத்தியபடியே இருக்கிறது. அதை என் ஒருத்தியால் தூக்க முடியாது.