நாற்காலிக்கு வைத்த டீ

ஜூன் 8, ஞாயிறு

இன்று பஸ் பலகையை நானே படித்தேன். அலங்காநல்லூர். எழுத்து எழுத்தாக, சத்தமாக. கண்டக்டர் சிரித்துவிட்டார். "பெருசு, ஊர்ப் பேர நீங்களே கூவிட்டா எனக்கு என்ன சோலி?"

எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம்! மாலை வகுப்பு வைத்து எழுத்தைத் தந்தது எங்கள் கண்மாய்ப் பாதுகாப்புச் சங்கம். மண் அள்ளிய லாரிகளை விரட்டியதும் அதுதான். 'சங்கம் வாழ்க' என்று எழுதிப் பார்த்தேன். 'ழ' இன்னும் கோணுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

சமுதாயக்கூடத்தில் சங்கக் கூட்டம். தலைவர் ஐயா திருநகரில் இருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வருவதில்லை. குரல் மட்டும் வரும். செயலாளர் அசோக்குமார் ஐயாவின் நாற்காலியில் துண்டு விரித்து, அதன்மேல் செல்போனை வைப்பான். முன்னால் ஒரு கிளாஸ் டீ. குரல் வந்ததும் எழுந்து நிற்போம். டீ ஆறி, ஆடை படியும். யாரும் தொட மாட்டோம்.

என் வீட்டுக்காரி இருளாயி காதோடு சொன்னாள்: "உசுரோட இருக்குற மனுசனுக்கு எதுக்குய்யா படையல்?"

அதட்டினேன்.

ஐயா இருமினார். எங்கோ ஒரு காக்கா கரைந்தது. பிறகு சொன்னார்: "கண்மாயில ஒரு பக்கம் மட்டும் மண் அள்ள விடுவோம். அதிகாரிகள்ட்ட பேசியாச்சு. சம்மதம்னா கை தூக்குங்க."

மண் அள்ளவா? நாம விரட்டுன லாரியவா? நான் யோசிப்பதற்குள் என் கை உயர்ந்துவிட்டது.

"எல்லாரும் தூக்கியாச்சு. ஒரு கை கூடக் குறையல. சந்தோஷம்" என்றது குரல்.

இருளாயி தூக்கவில்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 16

போனுக்குக் கண் உண்டா? இருந்தால் ஏன் அவளைப் பார்க்கவில்லை?

ஜூன் 19

தங்கச்சி சோணையம்மாளைப் பார்க்க அழகர்கோவில் பக்கம் போனேன். பலகை படித்து, யாரையும் கேட்காமல், தனியாகப் பஸ் மாறிப் போனேன்! நான்!

அவள் ஊரிலும் நம் சங்கம் உண்டு. சாயங்காலம் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் நாற்காலி. துண்டு. டீ.

குரல் வந்தது. இருமியது. உடனே காக்கா.

அடுத்து வரும் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் நான் முதலில் சொன்னேன். குரல் எனக்குப் பிறகுதான் வந்தது. "ஒரு கை கூடக் குறையல." அங்கே பாதிப் பேர் இன்னும் கையைத் தூக்கியிருக்கவே இல்லை.

"என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் தங்கச்சி.

ஜூன் 20

அசோக்குமாரிடம் கேட்டேன். அவன் வெட்கப்படவே இல்லை.

"ஆமா பெரியப்பா, பதிஞ்சு அனுப்புறதுதான். ஐயா ஒத்த ஆளு, எம்புட்டு ஊருக்குப் பேசுவாரு? முடிவ மேல எடுத்தாச்சு. இங்க கை தூக்குறது ஒரு முறைக்கு."

"நாங்க வேணாம்னு சொன்னா?"

"அப்படி யாரும் சொன்னதில்லையே."

"நீ ஐயாவ எப்பப்பா பாத்த?"

அவன் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தான். "எனக்கும் குரல்தான் வருது பெரியப்பா."

ஜூன் 21

குரல் பதிந்து வருவதுதான் என்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் உட்கார்ந்து கேட்டார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று புதிய பேச்சு. கண்மாயின் மற்றப் பக்கத்தையும் விட்டுவிடலாமாம். கை தூக்கச் சொன்னது குரல்.

கைகள் மடியிலேயே இருந்தன. எல்லார் கையும். என் வலக்கை பழக்கத்தில் எழப் பார்த்தது. மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். எழுத்துத் தந்த சங்கமல்லவா.

"எல்லாரும் தூக்கியாச்சு. ஒரு கை கூடக் குறையல. சந்தோஷம்."

பிறகு போனுக்குள் கைதட்டல் கேட்டது. பெரிய கூட்டத்தின் கைதட்டல். யார் கைகள் அவை? நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இருளாயி எழுந்து போய், நாற்காலி முன்னால் இருந்த டீயை எடுத்துக் குடித்தாள்.

"சீனி பத்தல" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

கண்மாய்க் கரையில் கூடினோம். நாற்காலி கொண்டுபோகவில்லை. மடைப் பக்கம் லாரிகள் வந்திருந்தன; பாதையில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவராகப் பேசினார்கள். சண்டைகூட வந்தது. நான் எழுதிப்போனதைப் படித்தேன். நடுவில் எனக்கு இருமல் வந்தது. வரப்போகிறது என்று யாருக்கும் முன்னால் தெரியாது, எனக்குமே. நல்ல இருமல்!

இருட்டுவதற்குள் லாரிகள் வந்த வழியே திரும்பிப் போயின. நாளைக்கும் வரும். நாங்களும் போவோம்.

வரும் வழியில் சமுதாயக்கூடத்தில் விளக்கு எரிந்தது. வாசற்படியில் அசோக்குமார் தனியாக உட்கார்ந்திருந்தான். "வாப்பா, போவோம்" என்றேன். எழுந்து வந்தான்.

உள்ளே யாரும் இல்லை, நாற்காலியில் போன் மட்டும். கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.