பிடிபட்டவன், கடத்தப்பட்டவன்

அன்புள்ள எலிராஸ்,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது நேற்று போனில் நீ போட்ட கத்தலிலேயே தெரிந்துவிட்டது, பெரு நாட்டு மலைக்காற்று உன் நுரையீரலுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. இங்கே நானும் அம்மாவும் முழுசாக இருக்கிறோம், கோழிகள்தான் பயத்தில் பாதியாகிவிட்டன. பக்கத்து வீட்டு ஹனன்யாவின் மகள் இதைக் கணினியில் அடித்து அனுப்புவாள், சின்னப் பெண், அதனால் கெட்ட வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு எழுதுகிறேன், வேண்டிய இடத்தில் நீயே போட்டுக்கொள்.

ஆமாம், உன் படைப்பிரிவிலிருந்து போன் வந்தது, உன்னிடம் மறைத்தேன். பழைய ஆட்களைப் போருக்குத் திரும்பக் கூப்பிடும் அந்தப் பெண், "எலிராஸோட அப்பாவா? வெளிநாட்டுல இருக்கிற பசங்கெல்லாம் அவங்களாவே பிளேன் ஏறி வர்றாங்க" என்றாள். "என் பையன் அவனா பல்லே தேய்க்க மாட்டான்மா" என்றேன். சிரித்துவிட்டு, "தகவல் மட்டும் சொல்லிடுங்க" என்றாள். சொல்லவில்லை. உன் நண்பன் எவனோ முந்திக்கொண்டான், நீ டிக்கெட் எடுத்துவிட்டேன் என்கிறாய். கிழித்துப் போடு.

எல்லையில் ரோந்து போன நம் சிப்பாய்கள் இரண்டு பேரை லெபனான் பக்கம் இழுத்துக்கொண்டு போனதிலிருந்து நம் ஆப்பிள் தோப்புக்குப் பின்னால் நம் ராணுவமே பீரங்கிகளை நிறுத்தி ஓயாமல் சுடுகிறது. அங்கிருந்து ராக்கெட் வருகிறது, இங்கிருந்து குண்டு போகிறது. சத்தத்தில் கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன, நானும் கோழியும் ஒரே நேரத்தில்தான் குதிக்கிறோம், கோழி கொஞ்சம் கம்பீரமாகக் குதிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கோழி இருக்கும், பிள்ளை இருக்கும், அவன் வீட்டின் மேல் விழுவதை நான் இங்கிருந்து புகையாகத்தான் பார்க்கிறேன். ஹனன்யா, "உன் பையன் எங்கடா மசூத், மலை மேல படம் புடிக்கிறானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அவன் பையன் படையோடு லெபனானுக்குள் போயிருக்கிறான், குடிக்கத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஊரைப் பிடிக்கிறோம், எதற்குப் பிடிக்கிறோம், காலையில் ஒன்று சொல்லி மாலையில் வேறு சொல்கிறார்களாம். எண்பத்திரண்டில் இதே லெபனானுக்கு அனுப்பும்போது என்னிடமும், "ரெண்டு நாள்ல திரும்பிடலாம், மாத்துத்துணி வேணாம்" என்றார்கள். நான் லாரி ஓட்டிப் போன அதே சாலையில் நீயும் வளர்ந்து வந்து காவல் நின்றாய்.

எனக்கு வயிறு எரிவது ரேடியோக்காரன் சொல்லும் ஒரு வார்த்தையில்தான். என் காலத்தில் எதிரியிடம் சிக்கிய சிப்பாய் பிடிபட்டவன். பிடிபட்டவனுக்காகப் பேசுவார்கள், பேரம் பேசுவார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இப்போது ரேடியோவில் கடத்தப்பட்டவர்கள் என்கிறான், ஏதோ பாலர் பள்ளி வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி. குழந்தையைத் தூக்கிட்டான் என்றால் எவன் உட்கார்ந்து யோசிப்பான்? வீடே செருப்பில்லாமல் தெருவில் ஓடும். ஒரு நாட்டையே அப்படி ஓட விட்டிருக்கிறார்கள். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் குறை இல்லை, டிவியில் அவர்களைப் பெற்றவள் முகம் வந்தால் கோழிக்கூட்டுக்கு எழுந்து போய்விடுகிறேன்.

நான் மட்டும் என்ன பெரிய யோக்கியன். நாளைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனால் பிடிபட்டான் என்று என் வாயில் வருமா? என் பிள்ளையைக் கடத்திட்டாங்க என்று நடுரோட்டில் நின்று கத்துவேன். தோப்புக்குப் போய், மலைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் பரவாயில்லை போடு என்று இந்த இடுப்பு வலியோடு நானே குண்டு தூக்கிக் கொடுப்பேன். எனக்கு என்னைத் தெரியும். என்னை அந்த ஆளாக்காதே.

"வந்தா காலை ஒடிப்பேன்னு எழுதுங்க" என்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். கடவுள் உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்குள் அவளைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிடு. அதன்பிறகு ஓய்வுநாள், சனி இரவுவரை அவள் போனைத் தொட மாட்டாள், அதுவரை நான்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் அப்பா,
மசூத்