தம்பியின் பெயரில் ஒரு வேலை

கல்முனைக்குடி,
17.2.1957

அன்பு மகன் சாலிஹுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பின் புழுக்கத்திலும் துறைமுகத் தூசியிலும் அல்லாஹ் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எனக்கும் தம்பி மசூருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை. இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துவிட்டேன், இன்று முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். வயலில் அறுவடை தொடங்கிவிட்டது, நம் பங்கை இம்முறை வாப்பாவின் தம்பி மஜீட்தான் பார்க்கிறார், விளைச்சல் நல்லது என்கிறார், சாக்கு வீட்டுக்கு வந்த பிறகு நம்பிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து போனார், பிள்ளைகளைவிட ஆசிரியைகள்தான் கூடப் பயந்தார்கள். மசூர் ஆசிரியர் கலாசாலைப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறான், இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பவேண்டும், அதனோடு அவனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் போகவேண்டும்.

நீ கேட்டதும் அதே பத்திரத்தைத்தான். உன் கடிதத்தில் இரண்டு பக்கம் கொழும்புச் செய்தி எழுதிவிட்டுக் கடைசியில், மறந்துபோன சாமானைக் கேட்பதுபோல, தம்பியின் பத்திரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் உம்மா என்று ஒரு வரி போட்டிருந்தாய். காரணத்தையும் எழுதியிருந்தாய், அந்த மட்டில் சந்தோஷம். ஆறு மாதத்துக்கு மேல் ஒருவன் பெயர் வேலையாள் பதியும் இடாப்பில் தொடர்ந்து இருந்தால் அவனைக் கொம்பனி தன் ஆளாக எடுக்கவேண்டி வரும், அதனால் அதற்கு முன்னரே கொம்பனிக்கு ஆள் கொடுக்கும் கொந்தராத்துக்காரர் பெயரை வெட்டிவிட்டு, அதே ஆளை வேறொரு பெயரில் புதிதாக எழுதிக்கொள்வார், புதுப் பெயருக்குத் துறைமுகப் பாஸ் எடுக்க ஒரு பத்திரம் வேண்டும், எல்லாரும் செய்கிறார்கள், ஒன்றும் நடக்காது என்று கங்காணி சொன்னதாக எழுதியிருந்தாய். மசூரிடம் வாசித்துக் காட்டினேன். அண்ணன் கேட்டுவிட்டாய் அல்லவா, அவன் யோசிக்கவே இல்லை. "காக்கா கேட்டா குடுங்க உம்மா, என்ட பேர் இஞ்ச சும்மாதானே கிடக்கு, கொழும்புக்குப் போய் நாலு காசு உழைச்சிட்டு வரட்டும்" என்றான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "அப்ப நான் சோதின பாஸாகி வேலைக்குப் போற நேரம், நீ ஏற்கெனவே ஹாபர்ல வேல செஞ்ச ஆள்தானே எண்டு கேப்பானுகளா" என்று தானே கேட்டான். பிறகு பத்திரம் இருந்த அலுமாரியைத் திறந்து பார்த்தான், எடுக்கவில்லை, மூடிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். உனக்கு இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, அதை நீ அறிவாய்.

மகன், உன் நிலைமை எனக்கு விளங்காமல் இல்லை. கப்பல் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, மழை நாளுக்கு இல்லை, பெருநாளுக்கும் இல்லை. பக்கத்தில் நின்று அதே பெட்டிகளை எண்ணி எழுதும் கொம்பனி கிளார்க்குக்கு இதெல்லாம் உண்டு, அவன் உன்னைவிட ஒரு பெட்டிகூடக் கூட எண்ணுவதில்லை. சிங்களம் மட்டும் என்று மொழிச் சட்டம் வந்த பிறகு அரசாங்கக் கதவு நமக்கு எவ்வளவு திறக்கும் என்று நீ கேட்டதும் நியாயம்தான். நானும் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள்தான். டிசம்பரில் நிறுத்தி ஒரு கடிதம் வரும், ஜனவரியில் எடுத்து ஒரு கடிதம் வரும், இடையில் உள்ள நாட்களுக்கு ஒன்றும் வராது, படித்தவள் என்பது கடைக்காரனுக்குச் சொல்லத்தான் உதவியது. ஆனால் நிறுத்தின கடிதத்திலும் எடுத்த கடிதத்திலும் இருந்தது என் பெயர். அதனால்தான் பின்னர் நிரந்தரமாக்கும்போது அந்த வருடங்களையும் சேர்த்துக் கணக்கெடுக்கும்படி கேட்க எனக்கு இடம் இருந்தது. நீ எதைக் காட்டிக் கேட்பாய்?

இதை எல்லாம் எழுதி உன்னிடம் காரணம் பேசிப் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து நாட்களுக்கு முன், வியாழக்கிழமை, துறைமுகத்தில் உன்னோடு வேலை செய்யும் புண்ணியமூர்த்தி வந்தார். நீ அவர் கையில் கொடுத்துவிட்ட சவர்க்காரமும் மசூருக்கான சேர்ட்டுத் துணியும் கிடைத்தன. "புண்ணியமூர்த்தி அண்ணன் ஊருக்கு வருகிறார்" என்று மட்டும் எழுதியிருந்தாய், கோலூன்றி வருகிறார் என்று எழுதவில்லை. மட்டக்களப்பு பஸ்ஸை விட்டு இறங்கி, திருக்கோவிலுக்குப் போகவேண்டிய மனிதர், இந்தச் சின்னப் பொதிக்காக அந்தக் காலோடு நம் ஒழுங்கை வரைக்கும் நடந்து வந்தார். தேத்தண்ணீர் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்டேன். பாரத்தூக்கியிலிருந்து துணிப் பொதி அவிழ்ந்து காலில் விழுந்ததாம். நட்டஈடு கேட்டுக் கொம்பனிக் கந்தோருக்குப் போனால், இடாப்பில் அன்றைக்கு வேலை செய்த ஆள் தங்கராசா என்றிருக்கிறதாம். தங்கராசா அவருடைய மைத்துனர், அவருடைய பத்திரத்தில்தான் இவர் இரண்டாம் முறை சேர்ந்திருக்கிறார். "டீச்சர், நான் விழுந்தது மெய்தான், ஆனா விழுந்த ஆள் நானில்லயாம்" என்று சொல்லிச் சிரித்தார். "தங்கராசா வந்து கேட்டாத்தான் காசு எண்டாங்க. அவன் அங்க வயலுக்க ரெண்டு காலும் நல்லா நிக்கான், அவன்ட கால எப்பிடி உடைக்கிற?" அவர் சிரித்ததற்கு நானும் சிரித்தேன். தொழிற்சங்கத்துக்காரர் வழக்காகக் கேட்கலாம் என்றிருக்கிறார்களாம், விழுந்ததைக் கண்ட ஒருவர் வந்து சொன்னால் போதுமாம். கண்டவர் யார் என்று கேட்டேன். அவர் கோலைப் பார்த்துக்கொண்டே, "சாலிஹ் தம்பிதான் பக்கத்தில நிண்டவர், ஆனா அவர ஒண்டும் கேக்க வேணாம் டீச்சர், அவர்ட வேலயும் போயிரும், கலியாணமும் வருகுது" என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

அந்தக் கலியாணக் கதையையும் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலும் நீ அதைக் கேட்கக்கூடாது. நம் குடிக்குத் தலைவரான மரைக்காயர் அப்துல் ஸமட் மறுநாள் ஜும்மா முடிந்து வந்தார். மருதமுனையில் ஜவுபர் தன் மகளுக்கு, உனக்குப் பேசியிருக்கும் ஹாஜறாவுக்குக் கட்டும் வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டதாம், ஓடு வாங்குமுன் ஒரு சொல் கேட்டுவரச் சொன்னாராம், மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்குப் பென்சன் உண்டா என்று. நான் வாய் திறக்குமுன் மரைக்காயரே, "நான் சொல்லிட்டன் டீச்சர், ஹாபர் எண்டா கவுமெந்துதானே, கப்பல் என்ன கடக்காரன்ட கப்பலா" என்றார். சம்பந்தம் பேசின நாளிலிருந்து அவர் அரசாங்க வேலை என்று அப்படித்தான் சொல்லித் திரிந்திருக்கிறார், அவர்களும் அதை நம்பிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பவன், அவர்கள் எழுப்புவது நீ இருக்கப்போகும் சுவர். இனியும் பேசாமல் இருந்தால் அந்த மரைக்காயரின் சொல் என் சொல்லாகிவிடும். அடுத்த நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, நானே மருதமுனைக்குப் போனேன். தறி வைத்திருந்த கொட்டிலில் ஜவுபர் இருந்தார், அவருடைய பெண்சாதி நபீஸா பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என் மகன் கொந்தராத்துக்காரரின் ஆள், கொம்பனியின் ஆளும் இல்லை, அரசாங்கத்தின் ஆளும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயரை வெட்டுவார்கள், திரும்ப எழுத வேறொருவர் பெயரைக் கேட்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் கேளாமல் சொன்னேன், அதற்கு நீ கோபிக்கலாம்.

ஜவுபர் எழுந்து போய்ப் பக்கத்தில் வீடு கட்டும் மேசன்மாரிடம் ஏதோ கதைத்தார், அவர்கள் சாந்துச் சட்டிகளைக் கழுவத் தொடங்கினார்கள். வேலையை நிறுத்திவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன். நபீஸாதான் நூலை விடாமல், "வேல போறதும் வாறதும் ஆம்பிளைக்கு இரிக்கிறதுதான் டீச்சர், எங்கட தறியும் நூல் இல்லாட்டி நிக்கிது. ஆனா இன்னொராள்ட பேர்ல உழைச்ச காசில என்ட புள்ள எப்பிடித் திங்கும்? கலியாணக் காவின் எழுதக்க பள்ளிவாசல் லெப்பை பேரக் கேட்டா மாப்புள என்ன சொல்லுவாரு?" என்று கேட்டார். பிறகு புருஷன் வந்ததும் அவரைப் பார்த்து, "ஓட்ட இப்ப ஏத்த வேணாம், சுவர் நிக்கட்டும். ஆள் வரட்டும், அவர்ட பேரோட வரட்டும்" என்றார். ஜவுபர் என்னைத் தெரு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அதை நல்ல குறி என்று எடுக்கிறதா என்று தெரியவில்லை, வழியனுப்புகிற மரியாதையாகவும் இருக்கலாம். ஹாஜறா எந்த அறையில் இருந்தாள், எவ்வளவு கேட்டாள் என்பதும் எனக்குத் தெரியாது.

ஆகையால் மகன், தம்பியின் பத்திரத்தை நான் அனுப்பவில்லை, அது நாளைக்கு அவனுடைய விண்ணப்பத்தோடு போகிறது. இதோடு வைத்திருப்பது நீ இங்கே விட்டுப்போன உன்னுடைய பத்திரம். அதைக் கொண்டுபோய் இந்தப் பெயரில் எழுதுவதானால் எழுதுங்கள் என்று கங்காணியிடம் சொல், எழுதமாட்டார் என்றுதான் நினைக்கிறேன், உனக்கு நம்பிக்கை ஊட்டப் பொய் எழுத எனக்கு வராது. வேலை போனால் வீட்டுக்கு வா, ஒரு போகம் நம் வயலைப் பார்த்துக்கொண்டு வேறு வழி தேடலாம், அதுவரை என் சம்பளம் இருக்கிறது. ஆனால் வருமுன் சங்கத்துக் கந்தோருக்குப் போ. புண்ணியமூர்த்தி உன்னைக் கேட்கவேண்டாம் என்றார், அது அவருடைய பெருந்தன்மை, நீ அதற்குள் ஒளிந்துகொள்ளக்கூடாது. விழுந்தது யார் என்று கேட்பார்கள், அவர் பெயரைச் சொல். கண்டது யார் என்று கேட்பார்கள், உன் பெயரைச் சொல். நீ பயந்துவிட்டாய் என்று எழுதினால் அதையும் வாசிப்பேன், கோபிக்கமாட்டேன், ஆனால் அப்போது ஜவுபர் வீட்டுக்குப் போய் ஓடு ஏற்றச் சொல்ல என் கால் போகாது.

அல்லாஹ் உன் வாய்க்கு உண்மையையும் உன் கைக்கு ஹலாலான உழைப்பையும் தருவானாக, உன்னைச் சேதமில்லாமல் என்னிடம் திருப்பித் தருவானாக. இருமல் திரும்ப வந்ததாக எழுதியிருந்தாய், குளிர் தண்ணீரில் முழுகவேண்டாம். நபீஸா தினமும் சுவருக்கு மேல் தென்னோலைக் கிடுகு போட்டு மூடி வைத்திருக்கிறாராம், மாசி மழைக்குப் பயந்து. பதிலைத் தாமதிக்காதே.

இப்படிக்கு
உன் உம்மா
ஸகியா