மடி மாறிய புத்தகம்

மார்ச் 3

என் செல்ல வாயாடிக்கு,

பாட்டி நலம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே முறைத்துக்கொள்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கட்டுரைக்கு முதல் பரிசாமே! நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கல்லூரியில் படிக்கிற தன் மகளிடம் வாங்கி, கட்டிங் மாஸ்டர்தான் கட்டுரை வந்த கல்லூரி மலரைத் தையல் கடைக்குக் கொண்டுவந்தார். சட்டைக்குக் காஜா எடுப்பதை அப்படியே போட்டுவிட்டு, மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லி, "என் பேத்தி எழுதினது, எல்லாரும் கேளுங்க"ன்னு உரக்கப் படித்தேன்.

"என் பாட்டிக்கு ஓர் எழுத்தும் தெரியாது." அதுதான் முதல் வரி. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நானே வாய்விட்டுப் படித்தேன். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆயா, அப்போ இத்தனை நாளா அளவுச் சீட்டெல்லாம் நீ மோந்து பார்த்தா சொன்னே?"

நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து, போன லீவில் நீ சொல்லிக்கொடுத்தபடி மறுபடி படித்தேன். என்ன சொல்கிறது, எதை ஏன் எங்கே வைத்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது. நடுவில் வருகிறது பார், நீ பாடம் படிக்க, நான் சுவரோரம் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டேன் என்று. அடியே, எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் கண்ணில் கட்டோடு படுத்திருந்தது யார்? எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டினது யார்? "பாட்டி, நீ படிக்கிறது பஸ் மேடு ஏறுற மாதிரி இருக்கு"ன்னு கேலி பண்ணினாயே. என் மடியில் இருந்த புத்தகத்தை உன் மடிக்கு ஏன் மாற்றினாய்?

பதில் போடு.

அன்புடன்,
உன் பாட்டி


மார்ச் 11

என் ஆசைப் பாட்டிக்கு,

கோபமா? மன்னிச்சுடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வலிக்காத காலாகப் பார்த்து.

கட்டுரைக்கு ஒரு வடிவம் வேண்டும் பாட்டி. இருட்டில் தொடங்கினால்தான் முடிவில் வெளிச்சம் தெரியும். நீ ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று எழுதினால் அது அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நிற்கிறது. கட்டுரையைப் படித்துவிட்டுப் பேராசிரியை அழுதுவிட்டார், தெரியுமா?

இருபதாம் தேதி பரிசளிப்பு. உன்னையும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். என் பக்கத்தில் நீ நிற்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நீலப் புடவை கட்டிக்கொண்டு வா. நான் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று. கழுத்தில் மாட்டியிருப்பாயே, அந்தப் படிக்கிற கண்ணாடி, அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

முத்தங்களுடன்,
உன் வாயாடி


மார்ச் 15

பேத்திக்கு,

கடிதம் கிடைத்தது. இதையும் நீ சொல்லிக்கொடுத்தபடியே படித்தேன். மன்னிப்பை முன்னால் வைத்தாய். ஆசையை நடுவில் வைத்தாய். கண்ணாடியைக் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல வைத்தாய். கடிதமே அதற்காகத்தான். விட்டது எது என்றும் பார்த்தேன். எழுதினது பொய், மேடையில் அதைச் சொல்லிவிடுகிறேன் என்ற ஒரு வரி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்கிறாயே, அந்த ஐந்தாம் வகுப்பு எனக்குச் சும்மா வரவில்லை. ஆறாவதுக்கு அனுப்பமாட்டேன் என்று அப்பா சொன்னபோது பள்ளிக்கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான். இருந்த ஒரே பெருமை அதுதான். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

நான் வரவில்லை. உன் கட்டுரையில் ஒரு கிழவி இருக்கிறாளே, அவளைக் கூட்டிக்கொண்டு போ. அவளிடம் கண்ணாடியும் இல்லை, எதை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

இனி இந்த வீட்டுக்குக் கடிதம் போட்டால், படித்துக்காட்ட ஓர் ஆளையும் சேர்த்து அனுப்பு.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு தேறியவள்