புள்ளி வைத்து எழுதும் இளவரசர்

கடல் உள்ளளவும் கொடி நிற்க! கழிநாட்டு மணிமுடி தாங்கிய நெய்தலங்கோன் நெடுஞ்சாத்தர் திருமுன்பு, ஓலைநாயகம் மருதன் ஏனாதி சதுப்பின் அக்கரையிலிருந்து தொழுது விடுக்கும் ஓலை. தேவியார் நலமும், யானை குதிரை நலமும், துறைமுகத்து நலமும் பெருகுக. என் நலம் கடைசியில் சொல்வேன்.

மூன்று திங்கள் காணாமற்போய் மீண்டு வந்த இளவரசரை, மீன் விற்கும் கொற்றி என்பாள் நடுக்கடைத்தெருவில் பழித்தாள். பட்டு நல்ல பட்டுதான் சாமி, உள்ளே இருக்கிற ஆள்தான் டுபாக்கூர் என்று அவள் கூவ, தெருவே சிரித்தது. அச்சொல்லின் பொருளும் பிறப்பும் அறிந்து வருமாறும், வெறும் வசை எனில் வரும் பூசத்தன்று இளவரசுப் பட்டம் கட்டுமுன் அவள் நாவை அறுக்குமாறும் தாங்கள் பணித்தீர்கள்.

பொருள் அறிய அரை நாழிகை போதுமாயிற்று. போலி, பித்தளையைப் பொன் என்று நீட்டினால் டுபாக்கூர். பிறப்புதான் பிடிபடவில்லை. டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் நிற்காது, ஆகவே அப்படியொரு சொல்லே இல்லை என்று அவைப்புலவர் கைகழுவினார். துபாசி என்னும் எங்கள் தொழிற்பெயரைத் திரித்துக் கப்பற்காரர் செய்த கேலி அது என்று துறைமுகத்தில் மொழிபெயர்க்கும் துபாசி ஒருவர் சொல்ல, அதெல்லாம் கட்டுக்கதை, கப்பற்காரரே நம் தெருவில்தான் கற்றார்கள் என்று இன்னொருவர் அவரை அடிக்கப் போனார். இறுதியாகச் சிறையில் கொற்றியைக் கேட்டேன். ஊர் என்று முடிகிறதே, காது இல்லையா ஐயா உமக்கு, சதுப்பைத் தாண்டிப் போய்ப் பாரும் என்றாள்.

வந்தேன். ஊர் இருக்கிறது.

நம் கோட்டையும் நம் கடைத்தெருவும் இங்கே இன்னொரு முறை நிற்கின்றன. மீன் குவிந்து கிடக்கிறது, வாடை இல்லை. விளக்கில் சுடர் ஆடுகிறது. விரல் வைத்தேன், சுடவில்லை. டுபாக்கூர் இதுதானோ என்று வினவினேன். சிரித்தார்கள். இது மெய்யூர் ஐயா, சதுப்புக்கு அப்பால் கிடக்கிறதே உங்கள் ஊர், அதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது என்றார்கள்.

இவர்கள் கோட்டையின் எழுத்து மண்டபத்தில், கால் விலங்கோடு மெலிந்த ஒருவர் ஓலை எழுதிக்கொண்டிருந்தார். எதிரே அமர்ந்தோர் அவர் கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகினர். அவரே நம் இளவரசர்.

புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று நம் நாட்டில் எழுதப் பழகும் குழந்தைக்கும் தெரியும். நாம் எவரும் ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. இவ்வூரார்க்கோ குறை பொறுக்காது. பார்த்து எழுதும்போதே புள்ளிகளை நிரப்பிவிடுகின்றனர். மீண்டு வந்த இளவரசர் தங்களுக்கு எழுதிய வணக்க ஓலையை எடுத்துப் பாருங்கள். மெய் ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஓட்டை. என்ன அழகு என்று நாம்தான் புகழ்ந்தோம்!

அடுத்த பாயில் இன்னொருவன் இருந்தான். என் முகம். என் தலைப்பாகை. என் பெயரை எழுதி, நிதானமாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

ஆதலால் பணிந்து வேண்டுவது: கொற்றியை இன்றே விடுவிக்க. பட்டத்தை நிறுத்துக. அரண்மனையில் இருப்பவர் கையில் எழுத்தாணி கொடுத்து, அவள் சொன்ன அச்சொல்லையே எழுதச் சொல்க. இரண்டு புள்ளி விழும். இளவரசரை மீட்க நான் இங்கேயே தங்குகிறேன். இவ்வோலை படகோட்டி வசம் வருகிறது. இதன் பின் என் முகத்தோடு எவர் வந்து நின்றாலும் அதே சோதனை. என் மனைவியே வந்து சான்று சொன்னாலும், எழுதிக் காட்டும்வரை கதவு திறவற்க.

இதற்கு நெய்தற்பூ முத்திரை சாட்சி.

என் நலம் சொல்வதாகச் சொன்னேன். இவ்வோலையை மும்முறை தடவிப் பார்த்தேன். புள்ளி ஏதும் தட்டுப்படவில்லை. நலமே. தாங்களும் ஒருமுறை வெயிலில் பிடித்துப் பார்த்துவிடுக.